சிறு மோதலுக்குப் பின் பத்து நிமிடம்



நம் வளாகத்துத் தமிழ் மாணவர்களுள் சொந்தமாகக் கார் வைத்திருப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் கார் ஓட்டுவோர் அவ்வளவு சிலரல்லர். ஆய்வு மாணவரான அண்ணன் ஒருவரிடம் பழைய கார் ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதன் சாவி கைமாறும். நால்வர் பணம் போட்டு மணிக்கணக்கு வாடகைக்குக் கார் எடுப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. ஊரில் மைதானத்தில் எட்டுப் போட்டும் எச் போட்டும் லைசென்ஸ் வாங்கிய நாம், தில்லியின் எட்டு வரிசைச் சாலையில் வந்து அந்தக் கல்வியைச் சோதித்துப் பார்க்கிறோம். கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் ஓட்டுநர் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். இடித்துவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. இடிக்காமல் ஓட்டு என்பதே அங்கே பாடம். நல்ல பாடந்தான், ஆனால் அது முழுவதும் நம் ஒருவர் கையில் இல்லையே!

உயிர் போகும் பெரிய விபத்தைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. பம்பர் விரிந்தது, விளக்கு உடைந்தது, ஸ்கூட்டரில் வந்தவர் சாய்ந்து விழுந்து தாமே எழுந்தார் என்ற அளவில் முடியும் மோதலைப் பற்றியே எழுதுகிறேன். அப்படிப்பட்ட மோதல் சிறியதாகவே முடிவதும், மாதக்கணக்கில் நம்மைத் துரத்தும் பெரிய வினையாக வளர்வதும் அடுத்த பத்து நிமிடத்தில் நாம் நடந்துகொள்வதைப் பொறுத்தவை. இது படித்து அறிந்ததன்று, பட்டு அறிந்தது.

2025ஆம் ஆண்டுத் தைப்பூசத்தன்று மாலை, இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு நால்வர் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் ஆய்வு மாணவர் ஒருவருடையது. அவரை இங்கே அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். ஓட்டியவன் நான். வெளிவட்டச் சாலையிலிருந்து இடப்பக்கச் சிறு சாலைக்குத் திரும்பும்போது, என் இடப்புறம் ஸ்கூட்டரில் வந்த ஒருவரை நான் கவனிக்கவில்லை. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இராது. பம்பரின் மூலை ஸ்கூட்டரின் பின்பக்கத்தைத் தொட்டது. அவர் வலது கையை ஊன்றியபடி விழுந்தார். முதுகில் உணவு கொண்டு செல்லும் பெரிய பை. நான் இறங்குவதற்குள் அவரே எழுந்து, கையை இரண்டு முறை உதறிக்கொண்டு, "குச் நஹீ ஹுவா" என்றார். ஒன்றும் ஆகவில்லையாம்! அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? அதற்குள் ஆறேழு பேர் கூடிவிட்டனர். "கூட்டம் சேருதுடா, கிளம்பு" என்றான் பின்னாலிருந்த நண்பன். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை அவர் கையில் திணித்தேன்; கும்பிட்டேன்; கிளம்பினேன். எல்லாம் நான்கு நிமிடம். அண்ணனிடம், வண்டி நிறுத்தும்போது பம்பர் சுவரில் உரசிவிட்டது என்று சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துப் போலீஸ் நிலையத்திலிருந்து அண்ணனுக்குத் தொலைபேசி வந்தது. கூட்டத்தில் ஒருவர் வண்டி எண்ணைப் படம் எடுத்திருந்தார். அண்ணன் என்னைத் திட்டவில்லை. "சுவர் எந்த ரோட்டுலடா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஸ்கூட்டர்காரரின் மணிக்கட்டில் ஸ்கேஃபாய்ட் என்னும் சிற்றெலும்பு முறிந்திருந்தது. முந்திரிப் பருப்பின் வடிவும் ஏறத்தாழ அதே அளவும் உடைய எலும்பு அது. கட்டைவிரலின் அடியில் இருக்கிறது. கையை ஊன்றி விழுவோருக்கே பெரும்பாலும் இது முறிகிறது. அப்போது வலி சுளுக்குப் போலத்தான் இருக்கும், விரல்களை அசைக்கலாம், முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலே போகலாம். அதனால்தான் வலி நீடித்தால் பத்துப் பதினான்கு நாள் கழித்து மீண்டும் படம் எடுக்கிறார்கள். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாகவே வருகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதிக்கு ஊட்டம் குறைந்துவிடும். ஆகையால் ஆறுவதற்கு நெடுநாள் ஆகும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டு என்பது இதற்குப் புதிதன்று. ஸ்கூட்டரின் ஆக்சிலரேட்டரைத் திருகிப் பிழைப்பவருக்கு வலது மணிக்கட்டில் பன்னிரண்டு வாரக் கட்டு என்றால் என்ன பொருள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

போலீஸ் நிலையத்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "அன்றைக்கே உங்கள் நம்பரைக் கொடுத்திருந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்?"

நான் செய்த பிழைகளை நானே பட்டியலிட்டுப் பார்த்தேன். நின்றேன், ஆனால் நிற்கவேண்டிய அளவு நிற்கவில்லை. கேட்டேன், ஆனால் எனக்கு வேண்டிய விடை கிடைத்ததும் கேட்பதை நிறுத்திவிட்டேன். பணம் கொடுத்தேன், பெயர் கொடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அச்சமே காரணம். அச்சம் கொண்டவன் மூன்றில் ஒன்றைச் செய்கிறான்: ஓடுகிறான், அல்லது கத்துகிறான், அல்லது காசை நீட்டுகிறான். நான் முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் செய்தேன்.

இனிச் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, விபத்துக்குப் பின் ஓட்டுநரின் கடமைகளைக் கூறுகிறது. ஆள் காயப்பட்டால் மட்டுமே இது பொருந்தும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பிறர் பொருள் சேதமுற்றாலும் பொருந்தும். காயப்பட்டவருக்கு வைத்தியம் கிடைக்கத் தக்க முயற்சி செய்ய வேண்டும். போலீசார் கேட்டால் விவரம் தர வேண்டும். போலீசார் அங்கே இல்லையென்றால் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் தம் பெயரும் முகவரியும் தந்து கேட்டால், நம் பெயர் முகவரியையும் வண்டிச் சொந்தக்காரரின் பெயர் முகவரியையும் தர வேண்டும் என்று 132ஆம் பிரிவு கூறுகிறது. 134ஆம் பிரிவுக் கடமையைச் செய்யாது விட்டால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆக, நான் இடித்தது குற்றமா இல்லையா என்பது தனி வழக்கு. இடித்துவிட்டுச் சொல்லாமல் போனது தன்னளவிலேயே குற்றம். "ஏன் ஓடினாய்?" என்று நிலையத்து அதிகாரி கேட்டபோது, "நான் ஓடவில்லை, அவர்தான் ஒன்றுமில்லை என்றார்" என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அதே பிரிவில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று இருக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் காயப்பட்டவருக்கு உதவ முடியாமற்போவது உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. நாம் மொழி அறியாத ஊரில் இருப்பவர்கள், கூட்டம் என்றால் நம் வயிற்றில் புளி கரைகிறது, அது இயல்பே. மெய்யாகவே அடி விழும் நிலை வந்தால் அங்கே நின்று வீரம் காட்ட வேண்டுவதில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு 112ஐ அழையுங்கள். வழி இருந்தால் வண்டியை நேரே பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கு விடுங்கள். அங்கே, ஏன் உதவ முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விடுதிக்கு விட்டால் அது ஓட்டம். நிலையத்துக்கு விட்டால் அது சட்டப்படியான நடத்தை. ஆனால் ஆறேழு பேர் வேடிக்கை பார்ப்பதற்கெல்லாம் கூட்டத்தின் ஆத்திரம் என்று பெயர் சூட்டிவிடக் கூடாது. அன்றைக்கு என்னைச் சூழ்ந்தவர்களில் இருவர் ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

செய்ய வேண்டியவற்றை, இப்போது மறுபடி அந்த இடத்தில் நின்றால் எப்படிச் செய்வேனோ அப்படியே சொல்கிறேன். முதலில் வண்டியை நிறுத்தி, நான்கு பக்கமும் மினுக்கும் அபாய விளக்கைப் போட வேண்டும். சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். பதற்றத்தில் கதவைத் திறந்து இரண்டாவது விபத்தை உண்டாக்கியவர்கள் உண்டு. வண்டியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தைப் பலர் பம்பருக்கு அடியிலேயே வைத்துவிடுகிறார்கள். சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 14 மீட்டர். பார்த்து உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி. அதற்குள் 21 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நன்கு பிடிக்கும் பிரேக்குக்கு மேலும் 14 மீட்டர். மொத்தம் 35. ஆகவே நகரச் சாலையில் 50 மீட்டர் பின்னால், அதாவது 65 எட்டு நடந்து வைத்தால்தான் அந்த முக்கோணத்தால் பயன். மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடும் நெடுஞ்சாலையில் இதே கணக்கு 100 மீட்டருக்குக் கொண்டுபோய்விடும். தில்லிப் பனிமூட்டத்தில் இன்னும் தள்ளியே வைக்க வேண்டும்.

அடுத்து ஆள். வண்டியைப் பார்க்குமுன் ஆளைப் பார்க்க வேண்டும். நசுங்கிய பம்பரைத் தடவிக்கொண்டு நிற்பவனைக் கண்டால் எவருக்கும் கோபம் வரும். "ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். விழுந்த சிறிது நேரம் உடலில் சுரக்கும் அட்ரினலின் வலியை மறைத்துவிடும். கழுத்துச் சுளுக்கின் வலி மறுநாள் காலையில்தான் தெரியும். தலை தரையில் பட்டதா, மயக்கம் உண்டா, வாந்தி வருகிறதா, கட்டைவிரலின் அடியில் அழுத்தினால் வலிக்கிறதா என்று கேட்டு, மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம் என்று நாமே சொல்ல வேண்டும். பெரிதாக அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தால் மட்டும் நாமாகத் தூக்காமல் 112ஐ அழைத்து ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டும். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். முதலில் சிகிச்சை, பிறகே சடங்குகள் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சாலை விபத்தில் காயமுற்றவருக்கு 1,50,000 ரூபாய் வரை, முதல் ஏழு நாளைக்குப் பணம் கட்டாமல் சிகிச்சை அளிக்கும் திட்டம் ஒன்றையும் மைய அரசு 2025 மே மாதம் அறிவித்தது.

பேச்சைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் இந்தியைக் கற்றது பெரும்பாலும் விடுதி அறையில். அங்கே எல்லோரும் எல்லோரையும் "தூ" என்கிறார்கள். அந்தத் "தூ"வைச் சாலையில் முன்பின் அறியாதவரிடம் சொன்னால், நம் ஊரில் பெரியவரை "டேய்" என்றதற்குச் சமம். பல சண்டைகள் மோதலால் வருவதில்லை. இந்த ஓரெழுத்தால் வருகின்றன. "ஆப்" என்றே பேசுங்கள். "பாயீ சாஹப்" என்று தொடங்குங்கள். இந்தி வராவிட்டால் தமிழிலேனும் ஆங்கிலத்திலேனும் மெதுவாகப் பேசலாம். தணிந்த குரல் எந்த மொழியிலும் புரியும்.

"தவறு என்னுடையது" என்று சொல்லலாமா? இங்கே இன்ஷூரன்ஸ் பாலிசியில் உள்ள நிபந்தனை ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல், பொறுப்பை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்களிப்பதோ, தருவதோ கூடாது என்று நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் அச்சிட்டிருக்கிறது. நான் திணித்த ஐந்நூறு ரூபாய் இந்த நிபந்தனைக்கும் மாறானது. அவருடைய உரிமையையும் அது தீர்க்கவில்லை. ஆனால் இந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு கல்லாக நிற்பது மனிதத் தன்மையன்று. அடிபட்டதா என்று கேட்பதும், தண்ணீர் கொடுப்பதும், மருத்துவமனைக்கு உடன் போவதும் பொறுப்பை ஒப்புக்கொள்வதாகா. நடந்ததை நடந்தபடி போலீசாரிடம் சொல்வதும் அப்படியே. யார் மீது எத்தனை பங்கு தவறு என்று தெருவில் நின்று தீர்ப்புக் கூறும் வேலையைத்தான் விட்டுவிட வேண்டும். எவர் நீட்டும் தாளிலும் படித்துப் புரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. அது இந்தியில் இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

ஓட்டியவரை மாற்றிச் சொல்லும் யோசனை எப்போதும் யாராவது ஒருவருக்குத் தோன்றும். "அண்ணன்தான் ஓட்டினாருன்னு சொல்லிடலாம்" என்று என் நண்பனும் பிறகு சொன்னான். பொய்யை ஒருவர் சொன்னால் போதாது, நால்வரும் ஒரேமாதிரி சொல்ல வேண்டும். சாலைக் காமிராவும் சேர்ந்து சொல்ல வேண்டும். சுவர்ப் பொய் ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு பதிவு. கையடக்கத் தொலைபேசியால் இரண்டு வண்டிகளும் எண்ணும் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம், சேதத்தை அருகிலிருந்து சில படங்கள், சாலையையும் சைகை விளக்கையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். யாருக்கும் காயமில்லையென்றால் படம் எடுத்தபின் வண்டிகளை ஓரத்துக்கு நகர்த்தலாம். பெயர், எண், லைசென்ஸ், பாலிசி விவரங்களை இருவரும் மாற்றிக்கொள்ள வேண்டும். பார்த்தவர் ஒருவர் எண் தர முன்வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், வற்புறுத்த வேண்டாம். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ உள்ள லைசென்சும் ஆர்.சி.யும் செல்லும். நம் தமிழ்நாட்டு லைசென்ஸ் இந்தியா முழுதும் செல்லும் என்பதையும் சிலர் கேட்டு வியக்கிறார்கள்! போலீசார் அசலை எடுத்துக்கொண்டால் ரசீது கேட்டு வாங்குங்கள். வாடகைக் காராக இருந்தால், நகர்த்து முன் அந்த நிறுவனத்துக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றிப் பரவலாக ஒரு குழப்பம் உண்டு. பிறருக்கு நேர்ந்த காயத்துக்கு ஈடு செய்வது ஒன்று. நம் வண்டியின் சேதத்துக்கு ஈடு செய்வது வேறொன்று. முன்னதைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. லைசென்ஸ் உள்ளவர், சொந்தக்காரர் சம்மதத்தோடு இரவல் வண்டியை ஓட்டினாலும் அது பொருந்தும். ஸ்கூட்டர்காரரின் வைத்தியச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் அவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். பாலிசி அதற்காகவே இருக்கிறது. ஆதலால் பிறர் காயம், பிறர் பொருள் என்றால் தயங்காமல் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும்.

நம் பம்பருக்குப் பணம் கேட்பதா என்பது மட்டுமே கணக்குக்குரியது. அண்ணனும் நானும் உட்கார்ந்து போட்ட கணக்கின் முறையை எளிய எண்களில் தருகிறேன். பம்பர் 6,000 ரூபாய், வண்ணப்பூச்சு 4,000, கூலி 1,000. ஆக 11,000 என்று கொள்வோம். பிளாஸ்டிக் பகுதிக்குத் தேய்மானம் பாதி, 3,000 போயிற்று. பூச்சுச் செலவில் கால் பங்கைப் பொருட்செலவு என்று கொண்டு அதில் பாதி கழிப்பார்கள், 500 போயிற்று. 1500 சி.சி.க்கு உட்பட்ட காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கிடைப்பது 6,500. கேட்டுவிட்டால் அடுத்த ஆண்டு, இழப்பீடு கேட்காதவருக்குரிய தள்ளுபடி அறவே போய்விடும். அது ஆண்டுக்கு ஆண்டு 20, 25, 35, 45, 50 விழுக்காடு என ஏறுவது. நான்காம் படிக்கு வந்தவர் சொந்தச் சேதத்துக்குரிய பிரீமியம் 12,000 கட்டுபவரானால், அடுத்த ஆண்டு 5,400 ரூபாய் நட்டம். அதற்கடுத்த ஆண்டு 50 விழுக்காட்டுக்குப் பதில் 20தான் கிடைக்கும் என்பதால் மேலும் 3,600. இரண்டே ஆண்டில் 9,000 இழந்து 6,500 பெறுவானேன்? பம்பர் செலவை நான் தவணையில் அண்ணனுக்குக் கொடுத்து வருகிறேன். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி இருந்தாலும், பெரிய சேதமானாலும் கணக்கு மாறும். போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

போலீஸ் நிலையத்தில் என் வாக்குமூலத்தை எழுதித் தந்தேன். கம்பெனிக்கும் தாமதத்தின் காரணத்தைச் சொல்லி அண்ணன் எழுதினார். ஸ்கூட்டர்காரரின் மனு தீர்ப்பாயத்தில் இருக்கிறது. கட்டுப் பிரித்த பிறகும் அவர் சில மாதம் ஸ்கூட்டர் ஓட்டவில்லை. ஒரு கடையில் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தார் என்று கேள்விப்பட்டேன்.

அண்ணன் இப்போதும் எனக்குச் சாவி தருகிறார். டாஷ்போர்டுப் பெட்டியில் மட்டும் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறார். அதில் பாலிசி எண், 112, அருகிலுள்ள மருத்துவமனை, போலீஸ் நிலையம் ஆகியவற்றின் கீழே ஐந்து இந்தி வாக்கியங்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன: "ஆப் கோ சோட் தோ நஹீ லகீ?", "அஸ்பதால் சல்தே ஹைன்", "மேரா நாம் ஔர் நம்பர் லிக் லீஜியே", "அப்னா நம்பர் தீஜியே", "போலீஸ் கோ புலாதே ஹைன்". அடிபடவில்லையே, மருத்துவமனைக்குப் போவோம், என் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் எண்ணைத் தாருங்கள், போலீசைக் கூப்பிடுவோம் என்று பொருள். மூன்றாவது வாக்கியத்தை அண்ணன் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறார். சங்க அறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு படி ஒட்டியிருக்கிறேன், வேண்டுவோர் எழுதிக்கொள்ளலாம்.